நிலமூடு செடியாகப் பல்லாண்டு ஜெரேனியம் – ஒரு நோக்கு

வெறும் நிலம் என்பது இயற்கையில் நெடுநாள் நிலைப்பதில்லை. மழை பெய்யும் நாட்டில் ஒரு பாத்தியைக் கொத்திப் புரட்டி அவ்வாறே விட்டுவிட்டால், சில வாரங்களுள் ஏதேனும் ஒரு தாவரம் அதனைத் தனதாக்கிக் கொள்ளும். அது நாம் விரும்பிய தாவரமாயின் பயிர் என்கின்றோம். விரும்பாததாயின் களை என்கின்றோம். எனவே களையை எதிர்கொள்வதற்கு இரண்டு வழிகள் உள. நிலத்தை ஆண்டு முழுவதும் கொத்திக்கொண்டே இருத்தல் ஒன்று. நாமே தெரிந்தெடுத்த செடியால் அந்நிலத்தை முன்கூட்டியே மூடிவிடுதல் மற்றொன்று. எமது நாட்டு இறப்பர்த் தோட்டங்களில் இளமரங்களுக்கிடையே பியுராரியா போன்ற அவரைக் குடும்பக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இவ்விரண்டாவது வழி புதிதன்று. மூடுபயிர் மண்ணில் நைதரசனைச் சேர்க்கின்றது. நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் செடிக்கு அவ்வாற்றல் இல்லை. ஆயினும் நிலத்தை நிழலால் காத்தல் என்னும் தத்துவம் இரண்டுக்கும் பொதுவே. குளிர்நாட்டுப் பூந்தோட்டங்களில் இத்தத்துவம் கையாளப்படும்போது முதலில் நினைக்கப்படும் செடிகளுள் ஒன்று பல்லாண்டு ஜெரேனியம் ஆகும்.

இவ்வழக்கம் பிரித்தானியத் தோட்டக்கலையில் வேரூன்றியமைக்குச் சமூகக் காரணம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருமனைத் தோட்டங்கள் கூலியாட்களின் கைகளால் நின்றவை. ஓராண்டுச் செடிகளை ஆயிரக்கணக்கிற் கண்ணாடி வீடுகளில் வளர்த்து, கோடைக்கெனப் பாத்தியில் நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கி எறியும் முறை, உழைப்பு மலிவாகக் கிடைத்த வரையில் நடந்தது. 1914–1918, 1939–1945 ஆகிய இரு போர்களின் பின்னர் அவ்வாளணி இல்லாதொழிந்தது. தோட்டங்கள் இருந்தன; களையெடுப்போர் இல்லை. சொமசெற் மாவட்டத்து ஈஸ்ற் லாம்புரூக் மனையிலே கணவரோடு தோட்டம் அமைத்த மாஜரி பிஷ் அம்மையார் 1964இல் நிலமூடு செடிகள் பற்றித் தனிநூல் எழுதினார். பழைய மனைகளையும் தோட்டங்களையும் காத்துவரும் நாஷனல் ட்ரஸ்ற் நிறுவனத்தின் தோட்ட ஆலோசகராக விளங்கிய கிரகாம் ஸ்ருவாட் தோமஸ் 1970இல் அதே பொருள் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். ஜெரேனியத்தைத் தோட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொணர்ந்தோருள் இவ்விருவர்க்கும் பெரும் பங்குண்டு.

எனினும் ஜெரேனியம் நட்ட இடத்தில் களை முளையாது என்று பொதுப்படக் கூறும் வழக்கம் பொருந்தாது. இச்சாதியில் முந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுட் சில நிலத்தைக் கம்பளம்போல் மூடுவன. சில கோடையில் மட்டும் மூடிப் பனிக்காலத்தில் நிலத்தைத் திறந்து விடுவன. சில மூடுவதே இல்லை. பூவைக் கண்டு தெரிவு செய்வோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. இலையும் வேர்த்தண்டும் ஆண்டில் எத்தனை மாதம் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதே நிலமூடு செடியின் அளவுகோல் என்பது எமது கருத்து. பூ அதன்மேற் கிடைக்கும் வட்டி.

மேலே செல்லுமுன் பெயர்க் குழப்பம் ஒன்றினைத் தீர்த்துவிடல் வேண்டும். நுவரெலியா வீடுகளின் யன்னலோரங்களிலே சாடிகளில் செந்நிறக் கொத்தாகப் பூக்கும் செடியை நாம் ஜெரேனியம் என்றே அழைக்கின்றோம். தாவரவியலாளருக்கு அது ஜெரேனியம் அன்று, பெலாகோனியம் ஆகும். அச்சாதியின் பெரும்பாலான இனங்கள் தென்னாபிரிக்காவுக்குரியன, உறைபனியில் மடிவன. லின்னேயசு 1753இல் இவை அனைத்தையும் ஒரே சாதியாக வகுத்தார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே பெலாகோனியத்தைத் தனிச் சாதியாகப் பிரித்தார். அதற்குள் பூச்செடி விற்போரும் வாங்குவோரும் பழைய பெயருக்குப் பழகிவிட்டனர். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அப்பழக்கம் மாறவில்லை. வேறுபாட்டை அறிதல் எளிது. ஜெரேனியப் பூவின் ஐந்து அல்லிகளும் ஒத்த உருவின; எப்புறம் வெட்டினும் சமபாதியாகும். பெலாகோனியத்தில் மேலிரு அல்லிகள் கீழ் மூன்றினின்றும் வேறுபடுவன. அப்பூவை இடவலமாக ஒரேயொரு தளத்திலேதான் சமமாகப் பிளக்கலாம்.

பெயர்களின் பொருளும் சுவையானது. இவற்றின் காய் நீண்ட அலகுபோல் வளர்வதைக் கண்ட கிரேக்கர் கொக்கின் பெயரை ஜெரேனியத்துக்கு இட்டனர். அவ்வழியைப் பின்பற்றிப் பிற்காலத்தார் பெலாகோனியத்துக்கு நாரையின் பெயரையும், இதன் மற்றோர் உறவான எரோடியத்துக்குக் குருகின் பெயரையும் சூட்டினர். இவ்வலகு வெறும் அழகன்று. காய் முற்றி உலர்கையில் அலகின் ஐந்து கீற்றுகளும் அடியிலிருந்து திடீரெனச் சுருண்டெழுந்து, ஒவ்வொன்றும் தன்னோடிணைந்த ஒரு வித்தைக் கவண்கல்போல் வீசியெறிகின்றது. தாய்ச்செடியினின்றும் சில மீற்றர் தூரத்தில் எதிர்பாராத இடத்தில் நாற்று முளைப்பதற்குக் காரணம் இதுவே.

இச்சாதிக்கு விஞ்ஞான வரலாற்றில் வேறொரு சிறப்பும் உண்டு. ஜேர்மனியில் ஸ்பண்டோ நகரில் பாடசாலைத் தலைவராயிருந்த கிறிஸ்ரியன் கொன்றாட் ஸ்பிறெங்கல் 1787இல் காட்டு ஜெரேனியமான சில்வாற்றிக்கம் என்னும் இனத்தின் அல்லிகளின் அடியில் மென்மயிர்கள் இருப்பதைக் கண்டார். படைப்பில் ஒரு மயிரும் வீணன்று என்று நம்பிய அவர், அமுதத்தை மழைநீர் கெடுக்காவண்ணம் அவை காக்கின்றன எனவும், அவ்வமுதம் பூச்சிகளுக்கென வைக்கப்பட்டது எனவும் முடிவு செய்தார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சி 1793இல் நூலாயிற்று; பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு அதுவே அடிக்கல். தோட்டத்து ஜெரேனியப் பாத்தியில் வைகாசி, ஆனி மாதங்களில் தேனீக்கள் நெருங்குவதைக் காண்போர் ஸ்பிறெங்கல் கண்டதையே காண்கின்றனர்.

இனி, நிலத்தை மூடுதல் எவ்வாறு களையைத் தடுக்கின்றது எனப் பார்ப்போம். மண்ணுள் களை வித்துகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடப்பன. சிறுவித்துடைய களைகள் பலவற்றுக்கு முளைத்தெழ ஒளி வேண்டும். கொத்தும்போது நாம் முளைத்த களையைக் கொல்வதோடு, ஆழத்திற் கிடந்த புதிய வித்துகளை ஒளிக்குக் கொணர்ந்தும் விடுகின்றோம். களையெடுப்பு ஒருபோதும் முடியாமைக்கு இதுவும் காரணம். அடர்ந்த இலைப்பந்தரின் கீழோ ஒளி குறைவது மட்டுமன்றி அதன் தன்மையும் மாறுகின்றது. இலையின் பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ள, சேய்ச்சிவப்பொளியே பெரும்பங்காகக் கீழே செல்கின்றது. வித்திலுள்ள பைற்றோகுரோம் என்னும் நிறப்பொருள் இம்மாற்றத்தை உணர்ந்து, மேலே வேறு செடி நிற்பதாக அறிந்ததுபோல் முளைத்தலை நிறுத்தி வைக்கின்றது. ஆகவே இலைப்பந்தர் களையைக் கொல்வதன்று, உறங்க வைப்பது என்பதே சரியாகும். பந்தர் விலகினால் உறக்கமும் கலையும். ஏற்கெனவே வேர்கொண்டு நிலத்தடியில் ஓடும் பல்லாண்டுக் களைகளிடம் இவ்விலைப்பந்தர் செல்லாது. அவை தம் சேமிப்பைக்கொண்டு இலைகளைத் துளைத்து மேலெழும். இவ்விரு உண்மைகளையும் மனத்திற் கொண்டே செடியைத் தெரிதல் வேண்டும்.

வளரும் இயல்பினால் இவற்றை மூவகையாக நோக்குவது பயன்தரும். தடித்த வேர்த்தண்டு நிலமட்டத்திற் படர்ந்து பாய்போற் பரவுவன முதல்வகை. ஓரிடத்தில் நின்று தூராகப் பெருப்பன இரண்டாம் வகை. ஒரே முடியிலிருந்து நீண்ட தண்டுகளைக் கோடையில் நாற்புறமும் பரப்புவன மூன்றாம் வகை.

முதல்வகையின் தலையாயது மக்ரோறைசம் என்னும் இனம். பெருவேர் என்பதே அப்பெயரின் பொருள். தென் அல்ப்ஸ், அப்பெனைன், பால்கன், கார்பாத்தியன் மலைகளின் பாறை இடுக்குகளும் காட்டு நிழலும் அதன் இயற்கை இருப்பிடம். விரல்போன்ற தண்டுகள் மண்ணின் மேற்பரப்பையொட்டி நகர்ந்து, நுனிதோறும் இலைக்கொத்தைத் தாங்குவன. முப்பது நாற்பது சென்ரிமீற்றர் உயரத்தில் இலைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு இடைவெளியின்றி நிற்கும். இலையிற் சுரப்பி மயிர்கள் நிறைந்திருப்பதால் தொட்டவுடன் கடுமையான நறுமணம் எழும். முயலும் மானும் பொதுவில் இதனைத் தவிர்ப்பதற்கு அம்மணமே காரணம் எனலாம். பல்கேரிய மக்கள் இதனைச் ஸ்ட்ராவெற்ஸ் என அழைப்பர். அச்சொல் உடல்நலம் என்னும் அவர்தம் சொல்லிலிருந்து பிறந்தது. திருமணச் செண்டுகளில் அதனைச் சேர்ப்பதும், அதன் எண்ணெயை வடித்தெடுப்பதும் அந்நாட்டு வழக்கம். இலையுதிர்காலத்திற் பழைய இலைகள் செந்நிறம் பெற்று வீழினும், கொத்தின் நடு இலைகள் பனிக்காலம் முழுவதும் நிலைத்திருக்கும். நாம் முன்னர் கூறிய அளவுகோலின்படி இதுவே சிறப்பு. மரநிழலிலும், மர வேர்கள் ஈரத்தை உறிஞ்சிவிட்ட வறண்ட மண்ணிலும், வேறு செடிகள் மெலிந்து மடியும் இடத்திலும் இது வாழும். இங்வேர்சன் என்ற செடி வளர்ப்பாளர் 1929இல் மொன்ரனேக்ரோ நாட்டுக் கொப்பிரிவ்னிக் மலையிலிருந்து கொணர்ந்த வெளிர்சிவப்பு வகை அவர் பெயராலேயே இன்றும் விற்கப்படுகின்றது. நிறத்தில் அதனை விஞ்சுவன உள. உழைப்பில் விஞ்சுவன அரிது.

இவ்வினத்தைக் குட்டையான தல்மாற்றிக்கம் என்ற இனத்தோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியற் பூங்காவிற் கலப்புச் செய்து 1974இற் புதுச்செடி ஒன்று பெறப்பட்டது. அப்பூங்காவின் பீற்றர் யோ, இச்சாதி பற்றி 1985இற் சிறந்த நூலொன்றை வெளியிட்டவர். கலப்பினத்துக்குக் கன்ரபிரிஜியென்சே எனக் கேம்பிரிட்ஜின் இலத்தீன் பெயரே சூட்டப்பட்டது. என்றெசியை, வெர்சிகொலர் என்னும் வேறிரு இனங்களின் கலப்போ ஒக்ஸ்போட்டின் பெயரைத் தாங்கி ஒக்ஸோனியானம் எனப்படும். இரு பழம் பல்கலைக்கழகங்களின் போட்டி பூப்பாத்தி வரை வந்துவிட்டது போலும்! இப்போட்டியில், நிலமூடு செடி என்ற அளவில், நாம் கேம்பிரிட்ஜின் பக்கமே நிற்கின்றோம். காரணம் கூறுவோம். கேம்பிரிட்ஜ்ச் செடி மலடு, வித்திடாது, அடர்ந்த பாயாக இருபது முப்பது சென்ரிமீற்றர் உயரத்தில் மெல்ல மெல்லப் பரவும். ஒக்ஸ்போட்ச் செடி வலியது, விரைவாக நிலத்தை மூடுவது, நீண்ட நாட் பூப்பது. ஆனால் எங்கும் வித்தை வீசும். முளைக்கும் நாற்றுகள் தாயைப்போல் இரா. ஓரிரு ஆண்டுகளில் நாம் நட்ட வகை எது, தானே முளைத்தது எது என்று அறியமுடியாத நிலை வந்துவிடும். கேம்பிரிட்ஜிற் கையாற் செய்த அதே கலப்பு இயற்கையிலும் நிகழ்ந்திருந்தது. தல்மேசியாவின் பியோக்கோவோ மலையிற் கண்டெடுக்கப்பட்டு அம்மலைப் பெயரையே கொண்ட வெண்பூ வகையை அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிச் சங்கம் 2015ஆம் ஆண்டின் செடியாகத் தெரிந்தது.

தூராகப் பெருக்கும் இரண்டாம் வகையில் ஒக்ஸோனியானம் அடங்கும். சாங்குயினியம் சுண்ணாம்பு மண்ணையும் வெயிலையும் விரும்புவது. கரும் ஊதாப் பூவினால் துயருறும் கைம்பெண் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட பேயம், வறண்ட நிழலுக்கு ஏற்றது. மக்னிபிக்கம் சில வாரங்களே நீலமாகப் பொலிந்து அடங்குவது. இவை தனித்தனியாக நிலத்தை முற்றாக மூடா. நெருங்க நட்டால் கோடையில் மூடும். பனிக்காலத்திற் பெரும்பாலானவற்றின் இலை மடிந்து மண் தெரியும்.

மூன்றாம் வகை பற்றியே எச்சரிக்கை மிகுதியும் வேண்டப்படுவது. ஏனெனில் இன்று சந்தையில் மிகுந்த புகழுடைய ரோசான் அவ்வகையைச் சேர்ந்தது. சொமசெற்றின் கில்வ் கிராமத்தில் வாட்டரர் தம்பதியரின் தோட்டத்தில் 1989இற் கண்டறியப்பட்ட தற்செயற் கலப்பு அது. அம்மையாரின் பெயரே செடிக்கும் ஆயிற்று. பெற்றோர் இருவரும் இமயத்தவர்: ஒன்று ஹிமாலயென்சே, மற்றது வலிச்சியானம். பின்னையது கல்கத்தாத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த வலிச்சின் பெயரால் அமைந்தது. 2000ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்த ரோசான், 2013இற் செல்சி மலர்க்காட்சியின் நூற்றாண்டையொட்டி நடந்த வாக்கெடுப்பில் நூற்றாண்டின் செடியாகத் தெரிவாயிற்று. ஆனி தொடங்கி உறைபனி வரை ஓயாது நீலப்பூ தரும் அச்செடிக்கு அப்புகழ் தகும். ஆயினும் அதனை நிலமூடு செடி என விற்பது பாதி உண்மையே. ஒரே முடியிலிருந்து பரவும் அதன் தண்டுகள் கணுவில் வேர்விடா. குளிர் வந்ததும் அனைத்தும் மடிந்து, ஒரு மீற்றர் அகல நிலம் வசந்தம் வரை வெறுமையாகக் கிடக்கும். பனிக்காலத்திலும் தளிர்க்கும் களைகளுக்கு அது திறந்த வாயில். மக்ரோறைசம் பாயின் ஓரத்தே ரோசானை நட்டு, அதன் தண்டுகளைப் பாயின்மேற் படரவிடுதல் நாம் ஏற்கும் முறை. நிலத்தைக் காப்பது ஒன்று, கண்ணைக் கவர்வது மற்றொன்று என வேலை பங்கிடப்படும்.

நடுகையைப் பற்றிச் சில சொல்லலாம். தோல்விகளிற் பெரும்பாலானவை நடுவதற்கு முன்னரே நிகழ்ந்து விடுகின்றன. நிலத்தடியில் ஓடும் களைகளின் வேர்த்துண்டு ஒன்றையும் விடாது முதலில் அகற்றல் வேண்டும். இதற்கு ஒரு பருவம் முழுவதும் செலவாயினும் தகும். ஜெரேனியப் பாயினூடே பின்னர் எழும் அத்தகைய களையை, செடியைக் கிளறாமற் பிடுங்க இயலாது. நடுவதற்கு இலையுதிர்காலமோ வசந்தத் தொடக்கமோ ஏற்றது. மக்ரோறைசத்துக்கு 40 சென்ரிமீற்றர் இடைவெளி போதும்; சதுரமீற்றருக்கு ஆறு செடிகள் ஆகும். கன்ரபிரிஜியென்சேக்கு 30 சென்ரிமீற்றர், அதாவது பதினொரு செடிகள். ஒக்ஸோனியானத்துக்கு 60 சென்ரிமீற்றர், மூன்றே செடிகள். இக்கணக்கைப் பார்த்துச் செலவைக் குறைக்கும் எண்ணத்தில் இடைவெளியைக் கூட்டுவோர், பணத்தில் மீதப்படுத்தியதைக் களையெடுப்பிற் செலுத்துவர். எவ்வாறு நட்டாலும் முதலிரு கோடைகளிற் கையாற் களையெடுத்தே தீரவேண்டும். அக்காலத்தில் இலைமட்கினாலோ மரப்பட்டைத் துண்டுகளாலோ செடிகளுக்கிடையே பத்திரக்கலவை இடுதல் நன்று. இவை பெருந்தீனிச் செடிகளல்ல. பசளையை மிகுதியாக இட்டால் இலை தளர்ந்து சரியும்.

பராமரிப்பு மிகக் குறைவு. மக்ரோறைசத்தின் உலர்ந்த பூந்தண்டுகளை விரும்பினால் அகற்றலாம், விட்டாலும் கேடில்லை. ஒக்ஸோனியானம், பேயம் போன்றவற்றை முதற்பூ ஓய்ந்ததும் நிலமட்டமாக வெட்டிவிடல் வேண்டும். பார்ப்பதற்குக் கொடிதாகத் தோன்றினும் சில வாரங்களிற் புத்திலை எழுந்து மீண்டும் மூடும். வித்து வீசுவதும் தடைப்படும். பாயின் கீழே பனித்துளிப்பூ முதலிய சிறுகிழங்குகளை நட்டால் அவை வசந்தத்தில் இலைகளினூடே எழுந்து பூத்து மறையும். அவற்றின் வாடிய இலையை ஜெரேனியம் மறைத்துக்கொள்ளும்.

பரவும் ஆற்றலை விரும்பும் நாம் அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். இமயத்தின் புறொக்கறென்ஸ் என்ற இனம் தண்டின் கணுதோறும் வேரூன்றி ஓடும்; சிறு தோட்டத்தில் அது நட்டவரையே வெளியேற்றிவிடும். ஐரோப்பாவிற் காட்டோரச் செடியான ரொபேட்டியானம் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குத் தோட்டச் செடியாகச் சென்று காட்டு நிழலுக்குள் புகுந்ததால், வாஷிங்டன் மாநிலம் அதனைச் சட்டப்படி தீங்குக்களைப் பட்டியலிற் சேர்த்துள்ளது. ஓராண்டு அல்லது ஈராண்டுச் செடியாகிய அது வித்தாலேயே பெருகுவது. மலடான கலப்புகளையும், வேர்த்தண்டால் மெதுவாக நகர்வனவற்றையும் நாம் மேலே ஏற்றிக் கூறியதற்கு இதுவும் ஒரு காரணம். எமது தாழ்நாட்டு வெப்பத்தில் இவற்றின் எவ்வகையும் நிலைக்கமாட்டா; பனிக்கால ஓய்வு அவற்றின் வாழ்க்கை வட்டத்தின் ஒரு பகுதி.

பல ஆண்டுகள் சென்றபின் மக்ரோறைசம் பாயின் நடுவே தண்டுகள் மரத்தன்மை பெற்று நிலத்துக்குமேல் எழுந்து நிற்கும். இலைக்கொத்துகள் நுனியில் மட்டும் தங்க, இடையிடையே மண் தெரியத் தொடங்கும். அப்பொழுது தோண்டியெடுத்து, இலைக்கொத்தோடு கூடிய துண்டுகளாக ஒடித்து, கொத்து மட்டும் வெளியே தெரியத் தண்டை மண்ணுக்குள் ஆழ்த்தி நட்டால் போதும். வேரில்லாத துண்டும் பெரும்பாலும் பிழைக்கும். ஒரு சதுரமீற்றரிலிருந்து கிடைக்கும் துண்டுகள் பல சதுரமீற்றருக்கு ஆகும். ஆதலால் இச்செடியை விலை கொடுத்து வாங்கவேண்டியது முதற்றடவை மட்டுமே.